துரையின் அட்டவணையும் சடையனின் இடுப்பும்

1. சுவரில் ஒட்டிய காகிதம்

கண்டி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், தோட்டத்துக் காப்பிக்கொட்டையைச் சேர்த்து ரயிலேற்றும் ஒரு காப்பி ஸ்டோரில், மூட்டை தூக்கும் ஆட்களுக்குப் பதினாறு வருடம் கங்காணியாக இருந்தேன். அந்தக் காலத்தில் நான் பார்த்த முட்டாள்தனங்களுக்குக் குறைவில்லை. அவற்றில் முதலிடம் ஒரு காகிதத்துக்குத்தான்.

அறுவடைக் காலம் தொடங்கிய வாரத்தில் ஒரு திங்கட்கிழமை காலை அது ஸ்டோர் சுவரில் ஒட்டப்பட்டிருந்தது. ஒட்டச் சொன்னவர் சீமையிலிருந்து புதிதாக வந்த சின்னத்துரை. ஒட்டியவர் யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் சின்னத்தம்பி. துரைக்கு வயது இருபத்துமூன்று இருக்கும். பெட்டியில் இரண்டு ஜோடி இரும்புக் குண்டுகளும், தேகப்பயிற்சி பற்றிய ஒரு புத்தகமும் கொண்டு வந்திருந்தார். புத்தகத்தில் இருந்த அட்டவணையைக் கிளாக்கர் தமிழில் எழுதியிருந்தார். பேனாவைவிடக் கனமான எதையும் அவர் தூக்கி நான் பார்த்ததில்லை. எழுத்து மட்டும் முத்து முத்தாக இருந்தது.

விஷயம் இதுதான். அறுவடை முடிந்ததும் குளத்துக்குப் பக்கத்து மைதானத்தில் கண்டி ஸ்டோர்களின் ஆட்களுக்குள் பளு தூக்கும் போட்டி நடத்தப் போகிறார்கள். துரைமார்களுக்கு அது பொழுதுபோக்கு. எங்கள் துரைக்கு அதில் ஜெயிக்க வேண்டும். ஆகவே எங்கள் ஆட்கள் பதினான்கு பேரும் வாரத்தில் ஆறு நாள், வேலைக்கு முன்னால் ஒரு மணி நேரம் பயிற்சி செய்ய வேண்டும். கல் நிரப்பிய சாக்கைத் தரையிலிருந்து தோளுக்கு ஐம்பது தடவை ஏற்ற வேண்டும். வாரத்துக்கு வாரம் பத்து ராத்தல் கூட்ட வேண்டும்.

"கங்காணி, இது எல்லா ஆளுக்கும். ஒரே மாதிரி. தெரியும்தானே?" என்றார் துரை.

நான் சொன்னேன்: "தொரைங்களே, நம்ம ஆளுங்க பகல் பூரா மூட்டைதான் தூக்குறாங்க. அதுக்கு மேல இது எதுக்குங்க?"

"அது வேலை. இது பயிற்சி. வேற வேற" என்றார்.

இடுப்புக்கு அந்த வித்தியாசம் தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தலையை ஆட்டிவிட்டு ஆட்களைக் கூப்பிடப் போனேன்.

2. பதினான்கு பேரும் ஒரே ஆள் அல்ல

இளைஞர்கள் இப்போது என்னிடம் வந்து, "எத்தனை தடவ தூக்கணும்? எவ்வளவு கனம் வைக்கணும்?" என்று கேட்கிறார்கள். கேட்பவன் யார் என்று தெரியாமல் பதில் சொல்கிறவன் மடையன். அப்படிப்பட்டவர்களுக்குத்தான் ஊரில் மரியாதை அதிகம்.

எங்கள் ஆட்களையே எடுத்துக்கொள்ளுங்கள். சுப்பன் ஒன்பது வருடமாகத் தூக்குகிறவன். ஒன்றரை அந்தர், அதாவது நூற்றறுபத்தெட்டு ராத்தல் மூட்டையை முதுகில் வாங்கிக்கொண்டு வெற்றிலை மென்றபடியே வேகனுக்குப் போகும் பலகையில் ஏறுவான். மூட்டை மேலே வரும்போது மூச்சை எங்கே பிடிப்பது, முழங்காலை எப்போது மடக்குவது என்பதெல்லாம் அவன் உடம்புக்கே தெரியும். சடையன் வந்து நான்கு மாதம். இராமநாதபுரம் பக்கம். கடல் தாண்டி, வடக்கு வழிக் காட்டுப்பாதையில் நடந்து வந்தவன். வழியில் காய்ச்சல் வேறு. வந்து சேர்ந்தபோது விலா எலும்பை எண்ணலாம். நான்கு மாதச் சோற்றில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது, அவ்வளவுதான். இந்த இரண்டு பேருக்கும் ஒரே கனம், ஒரே ஐம்பது தடவை.

சுப்பனுக்குப் பயிற்சியால் ஆபத்து வரவில்லை. துரை முகத்தைத் திருப்பியதும் அவன் சாக்கிலிருந்த கல்லில் பாதியைக் கொட்டிவிடுவான். அனுபவம் என்பது அதுவும்தான். சடையன் அப்படிச் செய்யமாட்டான். தூக்க முடியாதவன் பேரை வெட்டித் திரும்பி அனுப்பிவிடுவார்கள் என்று யாரோ அவனிடம் சொல்லியிருந்தார்கள். அது பொய்யும் இல்லை. ஊரில் மனைவியும் ஒரு பெண் குழந்தையும் இருந்தார்கள். அந்தக் காட்டு வழியில் இன்னொரு தடவை நடக்க அவன் உடம்பில் தெம்பு இல்லை. அதனால் ஐம்பது என்றால் ஐம்பத்தைந்து தூக்கினான். துரை அவனைத் தட்டிக்கொடுத்து, "நல்ல ஆள்" என்றார்.

மூன்றாவது வாரம் ஆட்களின் நடை மாறிவிட்டது. ஹேவாஹெட்டை, கலஹா தோட்டங்களிலிருந்து காப்பி வண்டிகள் வரிசையாக வந்து நின்றன. மழையில் நனைந்த சாக்குகள் இன்னும் கனத்தன. நண்பகலுக்குள் முடிகிற லோடு பொழுது சாயும் வரை இழுத்தது. கஞ்சி குடிக்க உட்கார்ந்தவன் எழுந்திருக்கக் கையை ஊன்றினான். துரை என்னைக் கூப்பிட்டு, ஆட்களுக்குச் சோம்பல் வந்துவிட்டது, பயிற்சியைக் கூட்ட வேண்டும் என்றார். மருந்தால் நோய் வந்தவனுக்கு மருந்தைக் கூட்டுகிற வைத்தியம்.

அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

3. பலகையில்

ஐந்தாவது வாரம் வியாழக்கிழமை. கொழும்பு போகிற சரக்கு ரயிலுக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தோம். சடையன் பலகையில் பாதி தூரம் ஏறினான். அங்கே நின்றான். மூட்டை முதுகில் இருந்தது.

"ஏய், நட" என்றான் பின்னால் வந்த சுப்பன்.

"கால் வரல அண்ணே" என்றான் சடையன். சாதாரணமாகத்தான் சொன்னான்.

நான் ஓடிப்போய் மூட்டையைத் தள்ளிவிட்டேன். அது கீழே விழுந்து பிரிந்து, காப்பிக்கொட்டை தண்டவாளம் எங்கும் சிதறியது. சடையன் பலகையிலேயே குப்புறப் படுத்துவிட்டான். முகத்தில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. இடுப்பைத் தொட்டதும் பல்லைக் கடித்தான்.

துரை வந்தார். முதலில் கொட்டிக் கிடந்த காப்பியைப் பார்த்தார். பிறகு ஆளைப் பார்த்தார். "இவன் அட்டவணைப்படி செய்யவில்லை. கூடச் செய்தான். பேரை வெட்டு" என்றார். 'நல்ல ஆள்' என்று தட்டிக்கொடுத்தவரும் அவரேதான்.

சடையனைக் கதவுப் பலகையில் கிடத்திப் பேராதனை வழியில் இருந்த சிங்கள வைத்தியரிடம் கொண்டுபோனோம். அந்த வெதமாத்தயா அவனைப் புரட்டிப் பார்த்து எண்ணெய் போட்டுக் கட்டினார். "மாஸ துனக் பர உஸ்ஸன்ன எப்பா" என்றார். மூன்று மாதம் பாரம் தூக்கக் கூடாது என்று அர்த்தம். மூட்டை தூக்குகிறவனுக்கு அது பேரை வெட்டியதற்குச் சமம்.

4. கிளாக்கரின் கை

மறுநாள் காலை பேரேட்டைப் பார்க்கப் போனேன். சடையன் பேர் வெட்டப்படவில்லை. 'சாக்குத் தைப்பவன்' என்று மாற்றி எழுதியிருந்தது.

"என்னங்க ஐயா இது?" என்றேன்.

கிளாக்கர் கதிரையை விட்டு எழுந்து கதவைச் சாத்தினார். பிறகு சட்டைக் கையைச் சுருட்டி மேலே இழுத்தார். புஜம் திரண்டிருந்தது. முருங்கைக்காய் போல இருந்த கை அது.

"துரை எனக்கு ஒரு சோடிக் குண்டு தந்தவர். நான் அஞ்சு கிழமையா அந்த அட்டவணைப்படிதான் செய்யிறன் கங்காணி. நல்லாப் பசிக்குது. நித்திரை வருது. முதுகு நோவும் போயிட்டுது" என்றார்.

சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"விளங்குதோ? புத்தகத்தின்ர முதல் பக்கத்திலேயே கிடக்குது. பகல் முழுக்கக் கந்தோரில கதிரையில குந்தியிருந்து எழுதிற ஆக்களுக்கு எண்டு. துரை அந்தப் பக்கத்தை வாசிக்கேல்ல. நான் வாசிச்சனான். ஆனா தமிழில எழுதேக்க அதை விட்டிட்டன். அவர் கேட்டது அட்டவணையை மட்டும்தான் எண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டன்."

"இப்ப என்ன செய்யப் போறீங்க?"

"இப்ப சொல்லப் போறன்."

துரையின் அறைக்குப் போனார். அவர் இங்கிலீஷில் பேசியது எனக்குப் புரியவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திறந்து மேசையில் வைத்தார். துரையின் காது சிவந்தது. குரல் உயர்ந்தது. கிளாக்கர் அசையவில்லை. கடைசியில் வெளியே வந்து சுவரிலிருந்த காகிதத்தைத் தம் கையாலேயே கிழித்தார். நான் ஐந்து வாரம் மனசுக்குள் கேலி செய்த மனிதர் அவர்.

5. இரண்டு கேள்வி

போட்டியில் கடைசி இடம்தான் கிடைத்தது. துரை அன்று தலைவலி என்று பங்களாவிலேயே இருந்துவிட்டார். அடுத்த வருடம் அவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். போன இடத்து ஆட்களை நினைத்தால் இன்றும் பாவமாக இருக்கிறது.

அதன்பின் ஆட்களைப் பழக்குவதை நானே பார்த்துக்கொண்டேன். எவன் வந்தாலும் இரண்டு கேள்வி கேட்பேன். எத்தனை நாளாகத் தூக்குகிறாய்? வேலை முடிந்த பிறகு உடம்பில் என்ன மிச்சம் இருக்கிறது? புதியவனுக்கு ஆறு மாதம் அரை மூட்டை. ஒரு நாள் தூக்கினால் மறுநாள் சாக்குத் தைப்பான், காப்பி காயவைக்கும் களத்தைப் பெருக்குவான். கனத்தைக் கூட்டுவது அவன் நடையைப் பார்த்துத்தான், வாரத்தை எண்ணியல்ல. சுப்பனைப் போன்றவனுக்கு அறுவடைக் காலத்தில் வேலையே போதும், தனிப் பயிற்சி கிடையாது. வண்டி குறைகிற மாதங்களில் வாரத்துக்கு இரண்டு நாள், கனம் அதிகம், தடவை குறைவு. மிச்ச நாள் தூங்கட்டும். கிளாக்கர் மட்டும் பழைய அட்டவணைப்படியே செய்துகொண்டிருந்தார். அவருக்கு அது சரி.

இதில் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. மாட்டுக்காரன் கன்றையும் காளையையும் ஒரே வண்டியில் பூட்டமாட்டான். மனிதனிடம் வரும்போதுதான் படித்தவர்களுக்கு அது மறந்துபோகிறது.

சடையன் மூன்று மாதம் சாக்குத் தைத்தான். பிறகு கால் மூட்டையில் தொடங்கி, ஒரு வருடம் கழித்து ஒரு அந்தர் மூட்டையோடு பலகையில் ஏறினான். மேலே இறக்கி வைத்துவிட்டு வந்தான். நான் பெருமையாக, "பாத்தியா, மொறையாப் பழகினா எப்படி வருதுன்னு" என்றேன்.

அவன் வியர்வையைத் துடைத்தான்.

"இது ஒங்களுக்கு மொதல்லயே தெரியுமா கங்காணி?"

"தெரியும். தொரைகிட்ட சொன்னேன்."

"எத்தன தடவ?"

"ஒரு தடவ."

"என்னைய அம்பது தடவ தூக்கச் சொன்னீங்களே" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அடுத்த மூட்டைக்குப் போய் வரிசையில் நின்றான்.

துரைக்குத் தெரியாது, அதனால் செய்தார். எனக்குத் தெரிந்திருந்தது. கங்காணி வேலையில் நான் படித்தது இவ்வளவுதான்.