தட்டு நிறைய கடலை

உத்திரமேரூர் சந்தையிலிருந்து மகள் வாங்கி வந்த பொரித்த சோயா பயற்றை நேற்று உட்கார்ந்த இடத்திலேயே தின்று தீர்த்துவிட்டேன். இன்று வயிறு உப்பிக் கிடக்கிறது. எழுந்திருக்கவே சலிப்பாக இருக்கிறது.

“மொத்தத்தையும் துன்னுட்டியே, வயசான வயிறு தாங்குமாம்மா? இன்னா அவசரம், நானா புடுங்கிக்கினு போவப் போறேன்?” என்று திட்டிக்கொண்டே சுக்குத் தண்ணீர் வைக்கிறாள் மகள்.

தட்டில் அந்த எண்ணெய் வாசனை இன்னும் போகவில்லை. சின்ன வயதில், விதைக்கடலை உடைக்கும் கூலி வேலைக்கு அம்மாவோடு நானும் பண்ணைக்காரர் வீட்டுக்குப் போவேன். முதல் நாள் காலையில் வெறும் வயிற்றோடு போய் நிற்கும் எங்களுக்கு, அந்த வீட்டம்மா எண்ணெயில் பொரித்த வேர்க்கடலையைத் தட்டுத் தட்டாக வைப்பாள்.

“வெக்கப்படாம துன்னுங்கடி, நம்ம வூட்டுக் கடலதான!”

நான் முதன்முதலாகப் போன அன்று, அம்மா நாலு கடலையோடு எழுந்து, “போதும் வாடி” என்று என் கையை இழுத்தாள். நான் நகரவில்லை. மத்தியானத்துக்குள் வயிற்றுப்போக்கில் சுருண்டுவிட்டேன். அள்ளித் தின்ற மற்ற பெண்களும் அப்படித்தான். அதன் பிறகு வேலை முடியும்வரை ஒருத்தியும் ஒரு விதையை வாயில் போடவில்லை.

“அதுக்குத்தான்டி அள்ளி அள்ளி வெக்குது அந்தம்மா. வெத கொறையக் கூடாதில்ல?” என்றாள் அம்மா, எனக்கு ஓமத் தண்ணீர் புகட்டியபடி.

என் மகளிடம் அந்தச் சூது இல்லை. ஆசையாகத்தான் வாங்கி வந்தாள். ஒருவரிடமும் கேட்டு வாங்கித் தின்றவள் இல்லை நான். ஆனால் தட்டு நிறைய வைத்துத் தின்னச் சொன்னால், போதும் என்று சொல்ல இன்றைக்கும் எனக்கு வாய் வருவதில்லை.