பத்மினி சத்தமில்லாமல் வந்த சாயங்காலம்

இன்ஜின் வேலைக்காரனைத் தேடிச் சிரித்த முகத்தோடு யாரும் வருவதில்லை. ரிப்பேர் தொழிலில் கிடந்து அல்லாடும் சக பாவிகளே, உங்களுக்கு இதை நான் சொல்லவா வேண்டும்! தூத்துக்குடியில் திருச்செந்தூர் ரோட்டில் பட்டறை வைத்திருக்கிறேன். எனக்குக் கை சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம். போன வருஷம் ஒரு பழைய பத்மினி கார் வந்து அந்த வாயை அடைத்துவிட்டது.

லாரிக்காரன் ஹாரன்

வண்டிக்குச் சொந்தக்காரர் ரிட்டையர்டான கணக்கு வாத்தியார். பூர்வீகம் நாசரேத், வீடு இங்கே. மனைவிக்கு மறதி நோய். பெற்ற மகளையே யாரென்று கேட்கிற அளவுக்கு முற்றிவிட்டது. மாதம் இரண்டு தடவை திருநெல்வேலி டாக்டரிடம் போக வேண்டும். பாலம் ஏறும்போது வண்டி இழுக்காது. பின்னால் கன்டெய்னர் லாரிக்காரன் ஹாரன் அடித்தால் அந்தம்மா காதைப் பொத்திக்கொண்டு அழுவார்களாம்.

“புது கார் வாங்கிரலாமே சார்” என்றேன். வாய் சும்மா இருக்குமா?

“புது கார்ல ஏற மாட்டேங்கா தம்பி. இதுதான் அவளுக்குத் தெரிஞ்ச வண்டி. பறக்க வேண்டாம், பாலம் ஏறுனா போதும்.”

அந்தோணி சொன்னது

பிரித்துப் பார்த்தால், ஐயோ, சிலிண்டர் தேய்ந்து பிஸ்டன் உள்ளே தாளம் போட்டுக்கொண்டிருந்தது. சிலிண்டரைக் கடைந்து பெரிசாக்கி, அதாவது போர் அடித்து, ஒரு சைஸ் பெரிய பிஸ்டன் போட்டேன். ஹெட்டைக் கொஞ்சம் சீவினேன், கார்புரேட்டர் ஜெட்டை மாற்றினேன். ரேஸ் வண்டி வேலையெல்லாம் இல்லை, கிழவருக்குக் கண்ணாடி மாட்டிவிட்ட மாதிரிதான். லேத்துக்கார அந்தோணி பழைய பிஸ்டனைக் குலுக்கிப் பார்த்துவிட்டுப் பழைய இரும்புக் குவியலில் எறிந்தான்.

“ஏலே, இது பிஸ்டனா, பிள்ளைக்கு ஆட்டுத கிலுகிலுப்பையா?”

பாலம்

வேலை முடிந்ததும் ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். சார் ஓட்ட, நான் பக்கத்தில், அந்தம்மா பின்சீட்டில். மூன்றாவது கியரிலேயே வண்டி மேலே போய்விட்டது. கன்டெய்னர் லாரி எங்கேயோ பின்னால் கிடந்தது. அந்தம்மா அழவில்லை, உப்பளத்தைப் பார்த்தபடி வந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. சாருக்குக் கண் நிறைந்துவிட்டது.

“நாப்பது வருஷம் கணக்கு சொல்லிக் கொடுத்தேன், இப்படி ஒரு விடை வந்ததில்ல தம்பி!”

கேட்

மூன்றாம் நாள் வந்து நின்றார். ஆயில் ஒழுகுதோ என்று பயந்தேன். “சத்தம் இல்லப்பா” என்றார். நல்லதுதானே சார் என்றேன், மடையன்!

அப்புறம்தான் சொன்னார். தினமும் சாயங்காலம் மார்க்கெட் போய்த் திரும்புவாராம். தெருமுனையில் வண்டி கடகடவென்று வந்தால் அந்தம்மா தானே எழுந்து வந்து கேட்டைத் திறந்து, “வந்துட்டீங்களா” என்பார்களாம். நாள் முழுக்க அவரை அடையாளம் தெரிவது அந்த ஒரு நேரம் மட்டும்தான். இப்போது வண்டி வந்ததே தெரியவில்லை. இவரே கேட்டைத் திறந்து உள்ளே போக, திருடன் என்று கத்திவிட்டார்களாம். கட்டின புருஷனையே ‘சார்’ என்றுதான் அந்தம்மா கூப்பிடுவார்களாம்.

“‘எங்க சார் வார நேரம், வெளிய போங்க’ன்னுட்டா தம்பி.”

பழைய சத்தம்

டேப்பெட்டைத் தளர்த்திச் சத்தம் உண்டாக்கிப் பார்த்தேன். டிக்டிக் என்றது, கடகட வரவில்லை. பழைய பிஸ்டனைத் தேடி அந்தோணியிடம் ஓடினேன்; இரும்புக்காரன் அள்ளிப் போயிருந்தான். கிடைத்திருந்தாலும் போர் அடித்த சிலிண்டரில் அது உட்காராது. அது தெரிந்தும் ஓடினேன்!

தெருமுனையிலிருந்து நாலு தடவை ஓட்டிக் காட்டினோம். வராந்தாவில் இருந்த அந்தம்மா தலையைத் தூக்கவே இல்லை. “தப்பு பண்ணிட்டேன் சார்” என்றேன். அவர் சாவியைத் திருப்பி வண்டியை நிறுத்தினார்.

“நீ என்னப்பா தப்பு பண்ணே? பாலத்துல இப்ப அவ அழுகதில்லையே. சாயங்காலமானா ‘சார் இன்னும் வரலையே’ன்னு கேட்டையே பாக்கா. நானும் பக்கத்துல சேர் போட்டு உக்காந்து, அவகூட சேந்து எனக்காகக் காத்துக்கிட்டு இருக்கேன்.”

இன்ஜின் நன்றாக ஓடுவதற்காக மன்னிப்புக் கேட்ட ஒரே மெக்கானிக், இந்த ஊரில் நானாகத்தான் இருப்பேன்.