யானைக்குப் பழகிப்போன பாட்டு

சொந்தமாகப் பாட்டு எழுதி ஊர் ஊராகப் போய்ப் பாடும் தொழிலில் ஒரு வசதி உண்டு: பிழையாகப் பாடினாலும் ஒருவருக்கும் தெரியாது. மைக்கைப் பிடித்து வயிறு வளர்க்கும் சகோதர சகோதரிகளே, உங்களுக்கு இது புதுக்கதை இல்லை.

நான் எழுதுவது அம்மா கலியாணம் கட்டிய காலத்துப் பொப் பாட்டுகளின் சாயலில், ஓர்கன் இழுக்க, நெஞ்சுருகப் பாடும் ரகம். கீபோட் வாசிப்பது மச்சான் ரமணன். இந்த முறை திருகோணமலைக்கு வான் ஏறும்போதே அவனிடம் சொல்லிவிட்டேன். இணையத்தில் ஏற்றிவிட்டிருந்த "உப்புக் காற்றே, உள்ளே வா" என்ற என் பாட்டைப் பாடச் சொல்லி ஒரேயொரு ஆளாவது வாய் திறந்து கேட்க வேண்டும். கேட்காவிட்டால், விடாமல் கூப்பிடும் கலியாண இசைக்குழுவில் சேர்ந்து, ஊரார் பாட்டைப் பாடிக்கொண்டிருப்பேன். சொல்லும்போது சிரித்தேன். உள்ளுக்குள் பயமாகத்தான் இருந்தது.

அன்புவழிபுரத்து வரவேற்பு

விளையாட்டுக் கழகத்தின் விழா. "அடுத்தது என்னுடைய சொந்தப் பாட்டு" என்றேன். முன்வரிசைக் கதிரைகள் பாதி காலியாகின. போனவர்கள் திரும்பியபோது கையில் ஐஸ்கிறீம்.

இரண்டாவது வரி பாடும்போதே கழகத்துச் செயலாளர் மேடைக்கு ஏறி வந்தார். பூங்கொத்து என்று நினைத்து நான் கையைக்கூட நீட்டிவிட்டேன். அவர் மைக்கைப் பொத்திக்கொண்டு, மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "தங்கச்சி, குறை நினையாதேங்கோ. சொந்தப் பாட்டை வீட்டை போயும் படிக்கலாம்தானே?"

தம்பலகாமத்து ரசிகர்

பள்ளிக்கூட மைதானத்தில் ஸ்பீக்கர் பூட்டிக்கொண்டிருந்தோம். ட்ராக்டரை விட்டிறங்கிய ஒரு ஐயா நேரே என்னிடம் வந்து, "உப்புக் காற்றுப் பாட்டு உங்கடைதானே? அதை ஒருக்காப் படியுங்கோ" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ரமணன் என் தோளில் தட்டினான்.

ஐயா போனை எடுத்துப் பதிவு செய்ய ஆயத்தமானார். "எங்கே கேட்டனீங்கள் ஐயா?" என்றேன். வயலில் யானை இறங்கினால் பட்டாசு கொளுத்துவார்களாம். பட்டாசுக்கு யானை மசியாத ஒரு நாள், ஆத்திரத்தில் போனில் அகப்பட்ட பாட்டைப் பெரிய ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார். யானை நின்று, காதை அடித்து, வந்த வழியே போய்விட்டதாம். பிறகு அவர் விளக்கம் சொன்னார்: "இப்ப அந்தப் பதிவுக்கு யானை பழகிப் போச்சுது பிள்ளை. அதுதான் புதுசா ஒண்டு படிச்சுத் தாங்கோ எண்டு கேட்டனான்."

இதைக் கணக்கில் சேர்ப்பதா என்று ரமணனும் நானும் வழியெல்லாம் சண்டை பிடித்தோம்.

கிண்ணியாவில் எழும்பிய சனம்

பின்னேரம், பாலத்துக்குக் கிட்டத் திறந்தவெளி. நல்ல கூட்டம். ஓர்கன் இழுத்து, "உப்புக் காற்றே" என்று ஆரம்பித்ததுதான் தாமதம், பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் எழும்பிப் பேர்ஸைத் தேடினார்கள். பிள்ளைகள் றோட்டுக்கு ஓடினார்கள். ஒரு நிமிஷத்தில் மைதானத்தில் நானும் ரமணனும் விரித்த பாய்களும் மட்டும்தான். அன்புவழிபுரத்தில் பாதிப் பேராவது இருந்தார்களே!

ஒரு தாத்தா, அதாவது கிண்ணியா வழக்கில் நடுத்தர வயது அக்கா, றோட்டின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து கோபமாகக் கேட்டார்: "என்ன புள்ள, பாட்டுக் கேட்டிச்சு, பாண் ஓட்டோவக் காணல்லியே?"

துறைமுகத்துக் கடைசி நாள்

தெருத்தெருவாகப் பாட்டுப் போட்டுப் பேக்கரிப் பாண் விற்கும் ஓட்டோக்கார நானா, அதாவது அந்த ஊர் வழக்கில் அண்ணன், குறிஞ்சாக்கேணிக்காரர். தேடிப் பிடித்துவிட்டேன். தினமும் பாலம் கடந்து துறைமுகப் பக்கம்வரை ஓடுகிறார். என் குரல் ஓட்டோவின் கூரையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது. நான் வாய் திறக்குமுன்னே அவர் சொன்னார்: "எல்லா ஓட்டோவும் ஒரே மெட்டுப் போடுது. ஒங்கட பாட்டப் போட்டாத்தான் என்ட பாண் எண்டு ஆக்களுக்கு வெளங்குது. சரணம் வாறதுக்குள்ள ஆக்கள் வந்திடுவாங்க. நிப்பாட்டிடுவன்." சண்டை பிடிக்கப் போன நான், மீன் வைத்த மாலுபாண் இரண்டு தின்றுவிட்டு, அவரையே அன்றைய நிகழ்ச்சிக்கு அழைத்துவிட்டு வந்தேன்.

துறைமுகக் கரையில் கடைசி நிகழ்ச்சி. பாட்டை ஆரம்பித்தேன். சனம் எழும்பியது. அப்போது நானா கதிரையில் ஏறி நின்று கத்தினார்: "இருங்க! இண்டைக்குப் பாண் இல்ல, பாட்டு மட்டுந்தான்!"

சனம் இருந்தது. பல்லவியைக் கூடவே பாடியது, ஒரு சொல் பிசகாமல். சரணம் வந்ததும் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு கேட்டார்கள். நான் அழுதுகொண்டே பாடி முடித்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா எழும்பினார்: "ஐயோ பிள்ளை, பாண் வாங்கப் போய் இந்த மிச்சத்தை ஒரு நாளும் கேக்கேல்லையே. திருப்பி ஒருக்காப் படியுங்கோ!"

யானையைத் துரத்தவும் சனத்தைக் கூட்டவும் ஒரே பாட்டுப் போதும் என்று தெரிந்த பிறகு, கலியாண இசைக்குழுக்காரருக்குப் போன் எடுத்து, ஏலாது என்று சொல்லிவிட்டேன்.