சுவரோரம் நகர்ந்த பெயர்கள்

“நீ பாத்தியாடி? உன் ரெண்டு கண்ணால பாத்தியா?” ரோசரி குடத்தைக் கீழே வைத்துவிட்டே கேட்டாள்.

தென்னூர்க் குழாயடியில் நின்ற ஃபெமினா பின்வாங்கவில்லை. “நான் எதுக்கு அத்தை பாக்கணும்? ஊரே சொல்லுது. ஞாயித்துக்கெழம பூசைக்கு வராம உங்க புள்ள ஸ்ரீரங்கத்துக்கு பஸ் ஏறுனாரா இல்லையா? அங்க எவளையோ பாக்கத்தானே? இப்ப அவளோடதான் போயிட்டாராம்.”

“அவளா! அவளுக்கு மீசை இருக்கு. நெத்தியில நாமம் இருக்கு. பேரு மாதவன், கம்ப்யூட்டர் கடை வச்சிருக்கான். போய்ப் பாத்துட்டு வந்து பேசு.”

சிரித்தவர்கள் சிரித்தார்கள். ரோசரி சிரிக்கவில்லை. மகன் பெண் பின்னால் போயிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. என்றைக்காவது இடுப்பில் ஒரு பிள்ளையோடு திரும்பி வருவான் என்று காத்திருக்கலாம். ஜோஸ்வின் போனது ஒரு படத்தால். அதை முதலிலிருந்து சொன்னால்தான் அவன் மேல் பழி போட வாய் வராது.

அவன் திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் டிராஃப்ட்ஸ்மேன். இரும்புத் தகட்டை எங்கே வெட்டுவது, எங்கே வளைப்பது என்று படம் போட்டுக் கொடுக்கிற வேலை. சாஃப்ட்வேர் வாங்க முதலாளிக்கு மனசில்லை. அதனால் இலவசமாகக் கிடைக்கிற ஒன்றைப் பிடித்து வைத்திருந்தான். பல தேசத்து ஆட்கள் சம்பளமில்லாமல் கூடிச் செய்தது அது. யாரும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், தெரிந்தால் திருத்தலாம். திருவிழாச் சாப்பாடு மாதிரிதான். சாப்பிட வருகிறவர் பலர், பாத்திரம் கழுவ நிற்பவர் சிலர்.

பங்குச் சாமியார் கேட்டார் என்று, அதிலேயே கல்லறைத் தோட்டத்துக்கு ஒரு வரைபடம் போட்டான். சிலுவைகளைப் பார்த்து வரிசை வரிசையாகக் கட்டம், மேலே இறந்தவர்களின் பெயர். அங்கேதான் கை தவறியது. கட்டத்துக்குக் கட்டம் பெயரைத் தனியாக வைக்காமல், ஒரு வரிசைப் பெயர்களை ஒரே வரியாக அடித்து, நடுவில் இடம் விட்டு விட்டு நேராக நிறுத்திவிட்டான். வீட்டுக் கம்ப்யூட்டர் விண்டோஸுக்குப் பதில் இலவச லினக்ஸில் ஓடுவது; அதில் எல்லாம் கச்சிதமாகத்தான் நின்றன. ஃபைலைக் கோயில் ஆபீஸில் கொடுத்துவிட்டு வந்தான்.

அந்த வருஷ மழையில் வாய்க்கால் உடைத்துக்கொண்டு தோட்டத்துக்குள் புகுந்தது. மரச் சிலுவைகள் மிதந்து போயின, மண்மேடுகள் கரைந்து ஒரே மட்டமாயின. மிஞ்சியது படம் ஒன்றுதான். ஆபீஸில் இருந்ததோ விண்டோஸ். அதே சாஃப்ட்வேர் அதற்கும் உண்டு, ஆனால் யாரோ அரைகுறையாக மாற்றி வைத்தது. அதிலிருந்து பிரிண்டுக்கு எக்ஸ்போர்ட் செய்தபோது, ஜோஸ்வின் வைத்த தமிழ் ஃபான்ட்டை விட்டுவிட்டு, கொஞ்சம் அகலமான வேறொன்றை அது போட்டுக்கொண்டது. எழுத்து அகலமானால் வரி நீளும். வரிசையின் தொடக்கத்தில் பெயர்கள் சரியாகவே இருந்தன; போகப் போக நகர்ந்து, கடைசியில் ஒரு கட்டம் தள்ளி நின்றன. அந்தத் தாளைப் பார்த்தே இரும்புப் பெயர்ப்பலகை அடித்து நட்டார்கள்.

கண்டுபிடித்தவள் லின்சி. பால் மறக்காத பிள்ளையைப் புதைத்தவள்.

“அண்ணே, எம்புள்ள பேரு சுவத்தை ஒட்டி நிக்குது. அது இல்லண்ணே. எம்புள்ளைக்கும் சுவத்துக்கும் நடுவுல ஒருத்தங்க படுத்திருந்தாங்க.”

ஜோஸ்வின் தாளை வாங்கிப் பார்த்தான். சுவரோரம் கிடந்தவள் கோயிலில் கஞ்சி வாங்கிக் குடித்துச் செத்த ஓர் அநாதை. அவள் பெயர் தாளின் விளிம்பைத் தாண்டி வெளியே விழுந்திருந்தது. கேட்க ஆளில்லாததால் அது யாருக்கும் உறைக்கவில்லை. லின்சியின் பிள்ளை இருந்த இடத்தில் இப்போது சவரிராயனின் அம்மா பெயர். சவரிராயன் கோயில் நிர்வாகம் பார்க்கும் பங்குப் பேரவையில் பெரிய ஆள், மளிகைக் கடைக்காரர். அம்மாவுக்கென்று அங்கே வழவழப்பாக மார்பிள் பதித்தே விட்டார்.

ஜோஸ்வின் பேரவைக்கு லேப்டாப்போடு போனான். தன் தப்பையும் சொன்னான், சரியான படத்தையும் காட்டினான்.

“உங்க பெட்டியில நீங்க இன்னைக்கு எதை வேணா வரையலாம் தம்பி,” என்றார் சவரிராயன். “அன்னைக்குக் குடுத்த ஃபைல் இங்க இருக்கு. அதுல ஒரு புள்ளிகூடத் தொடாதீங்க. நீங்க சொல்ற மாதிரி இந்த மெஷின்ல வரட்டும். அப்பப் பேசுவோம்.”

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஃபைலைத் தொடக் கூடாதென்றால் சாஃப்ட்வேரைத்தான் திருத்த வேண்டும். செய்தவர்களுக்கு எழுதிக் கேட்டான். லினக்ஸில் சரியாக வருகிறதே, விண்டோஸைப் பார்த்துக்கொண்டவர் விலகிவிட்டார், முடிந்தால் நீங்களே செய்யுங்கள் என்று பதில் வந்தது. வீட்டிலும் பட்டறையிலும் விண்டோஸ் கிடையாது. அதற்காகத்தான் ஞாயிறு ஞாயிறாகக் காவிரிப் பாலம் தாண்டி மாதவன் கடைக்குப் போனான்.

“ஒண்ணைத் தொட்டா ஒம்போது உடையறதேடா. விட்டுத் தொலையேன்,” என்பான் மாதவன்.

“கல்லறைத் திருநாளுக்கு அந்தப் பொண்ணு மெழுகுவத்தி ஏத்தணும்டா. எங்க ஏத்தும்?”

ரோசரிக்கு இது பிடிபடவில்லை. “ஒரு பாத்திரத்துல இருக்கிற ரசத்தை இன்னொரு பாத்திரத்துல ஊத்துறதுதானேடா? அதுக்கு இத்தனை மாசமா?”

“ஊத்துனா ரசம் சாம்பாராயிடுதும்மா,” என்றான். அவன் சிரித்துப் பேசியது அதுதான் கடைசி.

திருநாளுக்கு முந்தின வாரம் வேலை முடிந்தது. ஆபீஸ் கம்ப்யூட்டரில், எல்லோரும் சுற்றி நிற்க, அதே ஃபைலைத் திறந்து எக்ஸ்போர்ட் செய்தான். தாள் வெளியே வந்தது. ஒவ்வொரு பெயரும் தன் தன் கட்டத்தில். சுவரோரம் அந்த அநாதையும் வந்து சேர்ந்திருந்தாள்.

சவரிராயன் தாளில் அம்மாவின் பெயரை விரலால் தொட்டார். “சரியாத்தான் இருக்கு.”

ஜோஸ்வினுக்கு முகம் மலர்ந்தது.

“ஆனா தம்பி, சாமியார் மந்திரிச்சாச்சு. இத்தனை நாளா நான் அங்கதான் முட்டி போட்டு அழுதிருக்கேன். இனிமே அதுதான் எங்கம்மா. மார்பிளைப் பேக்க விடமாட்டேன்.”

சாமியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மற்றவர்களும் அந்தப் பலகைகளைப் பார்த்தே தோட்டத்தில் மார்பிள் பதித்திருந்தார்கள். தாளை மடித்து பீரோவுக்குள் வைத்தார்கள். படியிறங்கும்போது எவனோ முதுகுக்குப் பின்னால், “பொணத்தை மாத்துனவன்” என்றான். திருத்திய சாஃப்ட்வேரை அதைச் செய்த வெளிநாட்டுக்காரர்களுக்கும் அனுப்பியிருந்தான். சோதித்துப் பார்க்க ஆளில்லை, இருக்கட்டும் என்றார்கள். அது அங்கேயே கிடக்கிறது.

கல்லறைத் திருநாள் காலையில் ரோசரி புருஷனுக்குச் சாமந்தி கட்டிக்கொண்டிருந்தாள். ஜோஸ்வின் பையோடு வந்து நின்றான்.

“ஓசூர்ல ஒரு வேலை சொல்லியிருக்காங்கம்மா.”

“இன்னைக்கேவாடா? சாயங்காலம் அப்பாவைப் பாத்துட்டாவது போயேன்.”

“அப்பா வரிசையில முன்னாடி இருக்காரு. அவரு பேரு நகரல. நீ போயிட்டு வாம்மா.”

கதவைத் திறந்தான். வாசலில் லின்சி, கையில் பூவும் மெழுகுவர்த்திப் பொட்டலமுமாக.

“அண்ணே, படம் சரியா வந்துருச்சாமே! இன்னைக்கு நான் மார்பிள் மேல ஏத்தலாமா?”

ஜோஸ்வின் பையைத் தோள் மாற்றினான். “வேணாம்மா. அவங்க வீட்டு ஆளுங்க நிப்பாங்க. சுவத்தோரம் பேரு இருக்கிற இடத்துலயே ஏத்து. அங்கயும் ஒருத்தங்க இருக்காங்க. அவங்களுக்கும் யாருமில்ல.”

லின்சி நகரவில்லை. அவன் செருப்பை மாட்டி, அவளைச் சுற்றிக்கொண்டு தெருவில் இறங்கிப் போனான்.