மாத்திரை வேண்டாம், மாத்து

எங்கள் ஊர் பால் சொசைட்டி இடம் மாறியதில் தாத்தாவைத் தவிர எல்லோருக்கும் சந்தோஷம். பழைய சொசைட்டி எங்கள் தெருமுனையில் ஒரு தகரக் கொட்டகையாக இருந்தது. புதியது பாப்பாரப்பட்டி ரோட்டுக்கு அந்தப் பக்கம், டைல்ஸ் போட்ட கட்டிடம். அகலப்படுத்திய ரோட்டில் லாரிகள் பறந்தன.

"இந்த வயசுல எதுக்குங்கப்பா ரோட்டத் தாண்டறது? நா வண்டியில கொண்டுபோயி ஊத்திட்டு வந்தர்றேன்" என்று சித்தப்பா பால் கேனை வாங்கிக்கொண்டார். பாசத்தோடுதான் வாங்கினார். தாத்தா பால் ஊற்றுவது ஐந்து நிமிட வேலை, அதற்குப் பிறகு கொட்டகை மேடையில் உட்கார்ந்து வெயில் ஏறும்வரை ஊர்க்கதை பேசுவதுதான் பெரிய வேலை என்பது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

தாத்தா பின்னறைக் கட்டிலில் படுத்தார். முதலில் சாப்பிடும் ராகிக் களி குறைந்தது, பிறகு பேச்சு. தர்மபுரிக்குக் கூட்டிப்போய் ரத்தம், ஸ்கேன் எல்லாம் பார்த்தார்கள். ஒன்றுமில்லை என்றார்கள். ஒன்றுமில்லாததற்கே ஒரு பை நிறைய மாத்திரை கொடுத்தார்கள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பியே கிடந்தார். "பாக்கறவங்க வந்து பாத்துட்டுப் போங்க" என்று அப்பா போனில் அத்தையிடம் சொன்னதைக் கேட்டு நான் மாட்டுக் கொட்டகையில் போய் அழுதேன்.

மாத்திரை வாங்கிக்கொண்டு வந்த ஒருநாள், கன்னடத் தாத்தா என்னை நிறுத்தினார். சொசைட்டி மேடையில் தாத்தாவோடு உட்காரும் கூட்டாளி அவர். பிள்ளைகள் பெங்களூரில், இங்கே தனி ஆள். தமிழும் கன்னடமும் கலந்துதான் பேசுவார்.

"உங்க தாத்தாவுக்கு மாத்திரை வேண்டா கண்ணு. மாத்து பேக்கு."

'பேக்கு' என்றால் வேணும் என்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். 'மாத்து' என்றால் கன்னடத்தில் பேச்சு. அது எனக்குத் தெரியாது. வீட்டுக்கு ஓடி, "தாத்தாவுக்கு எதையோ மாத்தணுமாம்" என்று அறிவித்தேன்.

வீடு அதைப் பெரிய வைத்தியர் வாக்காக எடுத்துக்கொண்டது. டாக்டரை மாற்றலாம் என்றார் அப்பா. கம்பைநல்லூரில் ஒருத்தரிடம் மந்திரித்த கயிறு மாற்றிக் கட்டலாம் என்றார் சித்தப்பா. அம்மா இருவரையும் பார்த்துவிட்டு, "அந்த ரூம்ல காத்தே இல்லீங்க. மொதல்ல கட்டில எடம் மாத்துங்க" என்றாள். அன்று சாயங்காலமே கட்டில் வாசலுக்கு, புங்க மரத்தடிக்கு வந்தது. பக்கத்திலேயே தெருக் குழாய்.

மறுநாள் காலையில் தண்ணீருக்கு வந்த பெண்கள் தாத்தாவை விடவில்லை. "ஏனுங் மாமா, மாப்பிள்ளையாட்டம் படுத்துக்கிட்டீங்க? என் கொடத்தப் பாத்துக்கோங்க, வூட்டுல அடுப்பு எரியுது" என்று ஒருத்தி குடத்தை வைத்துவிட்டு ஓடினாள். அவள் குடத்தை இன்னொருத்தி நகர்த்தினாள். தாத்தா எழுந்து உட்கார்ந்து ஒரு அதட்டல் போட்டார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவர் குரலைக் கேட்டு அம்மா சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள்.

பத்து நாளில் குழாயடிக்கு அவர்தான் நாட்டாமை. வசவும் கேலியுமாக அவரை எழுப்பி உட்கார வைத்த அந்தப் பெண்களுக்கு என்ன கைம்மாறு செய்தாலும் தகும். அதற்கப்புறம் என் பத்தாம் வகுப்பு ரிசல்ட்டுக்கு அதே கட்டிலில் உட்கார்ந்து ஊருக்கே மிட்டாய் கொடுத்தார் தாத்தா.

கட்டில் வெளியே வந்த நாளிலிருந்து கன்னடத் தாத்தாவும் தினம் ஒரு குடத்தோடு வருவார். அவர் வீட்டில் சொந்தமாக போர்வெல்லும் மோட்டாரும் இருந்தன. கரண்டு மிச்சம் பிடிக்கிறார் என்று நாங்கள் பிள்ளைகள் சிரிப்போம். வெயில் ஏறும்வரை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பேசுவார். பாதி நாள் வெறும் குடத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். "தாத்தா, தண்ணி புடிக்காமயே போறீங்களே!" என்று நான்தான் அவர் பின்னால் கத்திக்கொண்டே ஓடுவேன்.