பார்க்கிறோம்

"நாளைக்கு வந்து பாக்கிறேன் சார்" என்று ஸ்டூலிலிருந்து இறங்கினார் எலக்ட்ரீஷியன். மாடி வீட்டுக்காரர் விடவில்லை.

"பாக்கிறீங்களா, பாத்துக்கிறீங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதானே சார்?"

"இல்லைங்க. பாக்கிறேன்னா வரமாட்டீங்க. பாத்துக்கிறேன்னா வருவீங்க. எதுன்னு சொல்லிட்டுப் போங்க."

உள்ளேயிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தார். "அவர் அப்படித்தான் தம்பி. நீங்க கிளம்புங்க."

பால்காரர், பல் டாக்டர், சொந்த மருமகன் என்று யாருக்கும் இந்தக் கேள்வியிலிருந்து விலக்கு கிடையாது. ஒருமுறை லிஃப்ட் கம்பெனிக்காரரை இதற்காகவே அரை மணி நேரம் நிறுத்தி வைத்தார். கீழ் வீட்டில் குடியிருக்கும் நான் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

வெளியுறவு அமைச்சகத்தில் மொழிபெயர்ப்பாளர் அவர். பக்கத்து நாட்டு மொழி அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. பேச்சுவார்த்தைகளில் அமைச்சருக்குப் பின்னால், கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்காருவார். விருந்தில் மற்றவர்களுடைய தட்டு காலியாகும். இவர் வாய்க்கு வேறு வேலை இருக்கும். வீட்டுக்கு வந்துதான் சாப்பாடு. "ரெண்டு பாஷை தெரியும். வீட்டுல ரெண்டுலயும் பேசமாட்டார்" என்பார் மனைவி.

ஆறு வருடத்துக்கு முன், பக்கத்து நாட்டின் துறைமுக ஊர் ஒன்றை ஆயுதக் குழு நெருங்கிக்கொண்டிருந்தது. நம்மையும் சேர்த்து ஐந்து நாடுகளின் கூட்டணி அவசரமாகக் கூடியது. முதல் நாள் முழுவதும் அறிக்கையில் 'கவலை' போதுமா, 'ஆழ்ந்த கவலை' வேண்டுமா என்பதிலேயே போயிற்று. மறுநாள் மாலை அந்த நாட்டுத் தூதர் சுற்றி வளைக்காமல் கேட்டார்: ஊரை விட்டு வெளியேறும் சாலை அடைபட்டால் எங்கள் மக்களை ஏற்றி வரக் கப்பல் அனுப்புவீர்களா? நம் அமைச்சர் முகம் கோணாமல் மாட்டேன் என்று சொல்வதில் கெட்டிக்காரர். "பார்க்கிறோம்" என்றார். நான்கு மணி நேரமாக ஓயாமல் மொழிபெயர்த்துக்கொண்டிருந்த நம் மாடி வீட்டுக்காரர், அதை அவர்கள் மொழியில் "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லிவிட்டார்.

தூதர் எழுந்து வந்து அமைச்சரின் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"அந்த நிமிஷமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்று மாடி வீட்டுக்காரர் போன மாதம்தான் என்னிடம் சொன்னார். மாடிப்படியில் உட்கார்ந்திருந்தோம். "தப்பாச் சொல்லிட்டேன், மன்னிக்கணும்னு ஒரு வார்த்தை போதும். எங்க தொழில்ல அது சகஜம்ங்க. ஆனா போட்டோக்காரங்க உள்ளே வந்துட்டாங்க. அமைச்சர் சிரிச்சுக்கிட்டு நிக்கிறார். வாய் வரலை."

கப்பல் வருகிறது, காத்திருங்கள் என்று தூதர் ஊருக்குத் தகவல் அனுப்பினார். சாலை இன்னும் ஒன்பது நாள் திறந்துதான் இருந்தது. அந்த ஒன்பது நாளும் மக்கள் மூட்டை முடிச்சுகளோடு துறைமுகத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பத்தாம் நாள் சாலை அடைபட்டது. அவர்களில் பலர் வீடும் திரும்பவில்லை, எல்லையும் தாண்டவில்லை. விசாரணை வந்தபோது நம் பக்கத்துக் குறிப்பில் 'பார்க்கிறோம்' என்றே இருந்தது. தூதர் தப்பாகக் கேட்டுவிட்டார் என்று முடிவாகி, அவர் வேலை போயிற்று. ஐந்து நாடுகளும் சேர்ந்து அதை அறிக்கையாக வெளியிட்டன. அதை மொழிபெயர்த்ததும் நம்மவர்தான்.

அந்த வாரம் நான் பத்திரிகையில், தூதருக்குக் காது டாக்டர் தேவை என்று ஒரு துணுக்கு எழுதினேன். நாலு பேர் பாராட்டியதில் பூரித்தும் போனேன். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

வேலை போன தூதர் இப்போது நம் ஊரில்தான் ஒரு வாடகை அறையில் இருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை நூலகக் கூடத்தில் அந்த ஊரைப் பற்றிப் பேச அவரை அழைத்திருந்தார்கள். மொழிபெயர்க்க ஒப்புக்கொண்டவருக்குக் காய்ச்சல். ஏற்பாட்டாளர்கள் மாடி வீட்டுக் கதவைத் தட்டிவிட்டார்கள்.

"முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே" என்றேன், கூடத்துக்குப் போகும் வழியில்.

"எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்றது?" என்றார்.

தூதர் அவரை அடையாளம் கண்டு சிரித்தார். இவர் தலையைக் குனிந்துகொண்டார். பேச்சு தொடங்கியது. மொழிபெயர்ப்பாளர் 'அவர் சொல்கிறார்' என்று சொல்லக்கூடாது; பேசுகிறவரின் 'நான்' இவர் வாயிலும் 'நான்'தான். அதனால் தூதர் நிறுத்தி நிறுத்திச் சொன்னது எங்களுக்கு மாடி வீட்டுக்காரரின் குரலில் கேட்டது.

"அந்த மக்களைக் காத்திருக்கச் சொன்னது நான். அவர்கள் என்னை நம்பினார்கள். தப்பாகக் கேட்டது நான்தான் என்று விசாரணையில் சொன்னார்கள். ஆறு வருடமாக யோசித்து, நானும் அதை ஒப்புக்கொண்டுவிட்டேன். தப்பு..."

மாடி வீட்டுக்காரருக்கு அதற்கு மேல் வரவில்லை. கூடத்தில் யாரோ இருமினார்கள். ஏற்பாட்டாளர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார், அவர் வாங்கவில்லை. மைக்கை அணைத்துவிட்டு, நாற்காலியைத் தூதர் பக்கம் திருப்பிப் போட்டு, அவர் மொழியில் மெல்ல ஏதோ சொன்னார். இரண்டு வாக்கியம் இருக்கும். எனக்கு அந்த மொழி தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

தூதர் அவரைப் பார்த்தார். பிறகு கையை நீட்டி, அணைந்திருந்த மைக்கைப் போட்டு, அதை மாடி வீட்டுக்காரரின் வாய்க்கு நேராக நகர்த்தி வைத்தார்.