வெள்ளை உடுப்பில் ஸுபைதா நடந்த மலைகள்

என் கூடப்பிறந்த நானா பஸீர் மௌத்தாகி மூன்றாவது கிழமையே அவருடைய மனைவி போர்த்துக்கலில் மலையேறத் தொடங்கிவிட்டார். இதை இப்படிச் சொன்னால் ஊர் காதைத் தீட்டிக்கொள்ளும் என்று தெரியும். தீட்டட்டும். ஸுபைதா மதினி ஏறியது மாத்தளையில் தன் வீட்டு உள்ளறையில், கட்டிலில் உட்கார்ந்தபடிதான். கால் மகள் றிப்காவுடையது, கண் மட்டும் மதினியுடையது.

புருஷன் இறந்தால் எங்களில் பெண் இத்தா இருக்க வேண்டும். நாலு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளியே போவதில்லை, வெள்ளைதான் உடுப்பு, அந்நிய ஆண்கள் கண்ணில் படுவதில்லை. நான் அடுத்த வீட்டில் இருக்கிறேன், கூடப்பிறந்தவரும் போய்விட்டார், எனவே பாதிப் பொழுது மதினியோடுதான் கழிந்தது. அதனால்தான் இந்தக் கதை எனக்குத் தெரியும்.

மற்றப் பெண்களுக்கு இத்தா எப்படியோ, மதினிக்கு அது பெரிய கஷ்டம். அவர் பிறந்தது ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் போகிற பாதையில், மிளகுக் கொடியும் கராம்பு மரமும் உள்ள ஒரு சின்னக் கிராமத்தில். பள்ளிக்கூடத்துக்கு மூன்று மைல் இறக்கம், திரும்பி வர மூன்று மைல் ஏற்றம். கல்யாணம் முடித்து டவுனுக்கு வந்த பிறகும் அந்தக் கால் அடங்கவில்லை. அலுவிகாரைக்கு யாராவது பஸ் ஏறினால் இவர் நடந்துபோய் அவர்களுக்கு முன்னால் நிற்பார்.

என் நானா நேர் எதிர். பள்ளிவாசல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, அதற்கும் மோட்டார் சைக்கிளில் போன மனிதர். வருடத்துக்கு ஒரு தடவை எல்லாரையும் வேனில் ஏற்றிக்கொண்டு ரிவர்ஸ்டன் போவார். போய்? பாயை விரித்து, புரியாணியைச் சாப்பிட்டு, பனிமூட்டத்தைப் பார்த்து "மாஷா அல்லாஹ்" என்று சொல்லிவிட்டு ஒரு தூக்கம் போடுவார்.

"அந்த உச்சி வரைக்கும் ஒருக்கா நடந்து போவமே" என்று மதினி கேட்பார்.

"அடுத்த முற, இன்ஷா அல்லாஹ்."

முப்பத்துநாலு வருடம் அடுத்த முறைதான். சோம்பேறி என்று முகத்துக்கு நேரே எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். இப்போது அந்தச் சோம்பேறி பாயில் குறட்டை விட்டுக் கிடப்பதை இன்னொரு தடவை பார்க்க மாட்டோமா என்று இருக்கிறது.

பெப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை. விடிய சுபஹுத் தொழுகைக்கு வுளூ செய்ய, கைகால் முகம் கழுவப் போன இடத்தில் விழுந்தார். அன்று பின்னேரமே அஸர் தொழுகையோடு அடக்கம். ஜனாஸாவைத் தாமதிப்பது எங்களில் இல்லை. றிப்காவும் மாப்பிள்ளை ஹுஸ்னியும் போர்த்துக்கலின் வடக்கே ஒரு சின்ன ஊரில் இருக்கிறார்கள். ஹுஸ்னிக்கு ஹோட்டல் குசினியில் வேலை, இவளுக்கு அதே ஹோட்டலில் துணி வெளுக்கிற பகுதியில். எந்த விமானத்தைப் பிடித்தாலும் மறுநாள் பொழுதுபடத்தான் வந்து சேரலாம். "எனக்காக வாப்பாவ வெச்சிருக்க வேணாம் உம்மா" என்று அவளே போனில் சொன்னாள்.

ஜனாஸாவைச் சுமந்த சந்தூக்கு வீட்டுக் கேட்டைத் தாண்டியபோது பெண்கள் நாங்கள் கேட்டோடு நின்றோம். அடக்கம் செய்கிற மையவாடிக்குப் பெண்கள் போகலாம் என்று சில மௌலவிமார் சொல்கிறார்கள், கூடாது என்று சிலர் சொல்கிறார்கள். எங்கள் ஜமாஅத்தில் அப்படி ஒரு வழக்கமே இல்லை. ஆகவே நானாவை எந்த இடத்தில் வைத்தார்கள் என்று மனைவியும் பார்க்கவில்லை, மகளும் பார்க்கவில்லை, தங்கச்சி நானும் பார்க்கவில்லை. நானாவின் மகன் நுஹ்மான் வந்து சொன்னதுதான்.

"நல்ல எடம் உம்மா. சுவரோரமா, நெழலா இருக்கு. ஒவ்வொரு வெள்ளிக்கிழமயும் ஜும்ஆ முடிஞ்சி போய் ஸலாம் சொல்லி வாறேன்."

மதினி அதைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார். எந்தப் பக்கச் சுவர்? மண் மேடாக இருக்கிறதா, அமர்ந்துவிட்டதா? தலைமாட்டில் நட்ட மீசான் பலகை நேராக நிற்கிறதா? நுஹ்மான் ஒவ்வொரு வெள்ளியும் பதில் சொல்வான், அவருக்குப் போதாது. சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்துவிட்டு, "ஸரீனா, ஒரே ஒருக்கா அந்த எடத்தப் பாத்தாப் போதும் எனக்கி" என்பார் என்னிடம்.

அங்கே றிப்காவும் அழுதுகொண்டேதான் இருந்தாள். ஹுஸ்னி நல்ல பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை லீவு நாளில் அவளை இழுத்துக்கொண்டு மலைப்பக்கம் நடக்கக் கிளம்பினான். அவள் அங்கிருந்து உம்மாவுக்கு வீடியோ கோல் எடுத்தாள். நாங்கள் மத்தியானம் லுஹர் தொழுது முடித்தால் அங்கே காலை எட்டு மணி. நோன்பு மாதத்திலும் நிறுத்தவில்லை, நடையை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்கள். வழியில் வேறு ஆண்களும் வருவார்கள் என்று மதினி தன் போனின் கண்ணுக்குப் பிளாஸ்டர் துண்டு ஒட்டிவைத்தார். ஆக றிப்கா பேசியது கறுப்புத் திரையோடு. அந்தத் திரை சும்மா இருக்காது.

"அந்த எடத்துல வழுக்கும், பாத்து வைங்க கால."

"உம்மா, நீங்க ஊட்டுல இருக்கீங்க."

"இருந்தா? பாசி தெரியுதே."

கல்லென்றால் அப்படிக் கல். சாம்பல் நிறக் கருங்கல், வீட்டளவு உருண்டைகள், ஒன்றின் மேல் ஒன்று. ரிவர்ஸ்டனில் எல்லாம் பச்சை போர்த்திக் கிடக்கும், அங்கே மலை வெறும் உடம்போடு நின்றது. ஏப்ரலில் அந்தக் கல்லுக்கு நடுவே மஞ்சள் பூ பூத்தது. ஊர்களும் அதே கல்தான். சுவர் கல், கூரை கல், படி கல், மாட்டுக்குத் தண்ணீர் வைக்கிற தொட்டி கல். எத்தனையோ நூறு வருடம் பழைய ஊர்கள் என்றாள் றிப்கா. பாதி வீடு பூட்டிக் கிடந்தது. இருந்தவர்கள் கிழவன் கிழவிகள். பிள்ளைகள் பிரான்சுக்கும் எங்கேயோவுக்கும் போய்விட்டார்களாம்.

"எங்கட புள்ளயளப் போல" என்றார் மதினி.

ஒரு ஊரில் பாறைமேட்டில் சின்னச் சின்னக் கல் பெட்டிகள், காலூன்றி வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சிலுவை. மதினி போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார்.

"மௌத்தானவங்கட கபுறா மகள் அது? எவ்வளவு ஒசரத்துல வெச்சிருக்காங்க!"

றிப்கா சிரித்தாள். வாப்பா போன பிறகு அவள் சிரித்ததை அன்றைக்குத்தான் கேட்டேன். "இல்ல உம்மா, சோளம் காய வைக்கிற பெட்டி. எலி ஏறாம இருக்கத்தான் கால்."

எலி என்றதும் மதினிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சாதிக்காய்க் கடை வைத்திருந்த நானாவின் மனைவியல்லவா. காலுக்கு மேலே தட்டையாகக் கல் வைத்திருப்பதைக் காட்டச் சொல்லிப் பார்த்து, "உங்க வாப்பாவுக்கு இது தெரிஞ்சிருந்தா" என்று தொடங்கினார், முடிக்கவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டார்: "அப்ப இவங்கட மையவாடி எங்க? ஒருக்காக் காட்டுங்களே."

ஊரின் கடைசியில் இருந்தது. இரும்புக் கேட், உள்ளே பளபளக்கிற கல்லறைகள், பேர், திகதி, நீள்வட்டப் படம், பூச்சாடி. அங்கே ஒரு மூதாட்டி முழங்காலிட்டு, ஈரத் துணியால் ஒரு கல்லறையைத் துடைத்துக்கொண்டிருந்தார். உச்சி முதல் உள்ளங்கால் வரை கறுப்பு உடுப்பு, தலையில் கறுப்பு முக்காடு.

மதினி பரபரத்துப்போனார். "மகள், நம்மட பொம்புள ஒண்டு! ஸலாம் சொல்லுங்க!"

"உம்மா, அவங்க கிறிஸ்தவங்க. புருஷன் மௌத்தானா இங்க வயசானவங்க கறுப்பு உடுப்பாங்க."

"இத்தாவா? இத்தாவுல எப்படி வெளிய வந்தாங்க? எத்தின மாசமாம்?"

றிப்கா தனக்குத் தெரிந்த பாஷையில் கேட்டாள். அந்த வெள்ளைக்கார நோனா துணியை வைத்துவிட்டு மூன்று விரலைக் காட்டினார், பிறகு ஒரு விரல். முப்பத்தொரு வருடம்.

மதினி போனில் ஒட்டியிருந்த பிளாஸ்டரைப் பிய்த்தார். பெண்தானே பார்க்கப்போகிறார். அந்தக் கறுப்பு முக்காட்டுக்காரியும் இந்த வெள்ளை முக்காட்டுக்காரியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நோனா ஏதோ கேட்டார். இவர் எவ்வளவு காலம் வெள்ளை உடுப்பார் என்று கேட்கிறாராம். நாலு மாதம் பத்து நாள் என்று றிப்கா சொன்னதும் அவர் புருவத்தைத் தூக்கி இன்னொரு கேள்வி கேட்டார்.

"என்னவாம்?"

றிப்கா தயங்கினாள். "அதுக்குப் பொறகு என்ன செய்வீங்களாம்?"

நோனா கல்லறையில் இருந்த படத்தைத் தொட்டுக் காட்டினார். மீசை வைத்த ஒரு மனிதர். அந்த மீசையையும் ஈரத் துணியால் ஒரு தரம் துடைத்துவிட்டார், சோறு சாப்பிட்ட பிள்ளையின் வாயைத் துடைப்பது போல. மதினி போனை என் கையில் தந்துவிட்டு, முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். நானா மௌத்தான நாளில்கூட அப்படி அழவில்லை.

"அவங்களுக்கு எடம் தெரியும் ஸரீனா. போய்த் தொடைக்கிறாங்க. எனக்கி எடமே தெரியாதே."

அன்று மாலை நுஹ்மானைக் கூப்பிட்டார். "பளபளக்கிற கல்லும் படமும் எனக்கி வேணாம். நம்மட மார்க்கத்துல அது இல்லண்டு தெரியும். போன கொண்டு போய் அந்த எடத்தக் காட்டுங்க, போதும்."

அவன் முகம் ஒரு மாதிரி ஆனது. மழை என்றான். மையவாடியில் வீடியோ எடுத்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்றான். கடையில் சரக்கு வந்திருக்கிறது என்றான். இப்படியே ஐந்து கிழமை போக்குக் காட்டினான். எனக்கு அப்போதே பொறிதட்டியிருக்க வேண்டும், தட்டவில்லை. நாலு பேருக்குப் பயந்த பையன் என்று நினைத்து நன்றாகத் திட்டினேன்.

ஜூன் நடுவில் இத்தா முடிந்தது. மதினி குளித்து, வெள்ளையைக் கழற்றி, நீலத்தில் ஒரு கைத்தறிச் சேலை உடுத்தினார். கேட்டுக்கு வெளியே போகலாம், எங்கும் நடக்கலாம். அவர் கேட்டடிக்குக்கூடப் போகவில்லை. "மொதல்ல அவரப் பாக்கணும்" என்றார். இனி நுஹ்மானுக்குச் சொல்லச் சாட்டு இருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு போனோடு மையவாடிக்குப் போனான். றிப்காவும் அங்கிருந்து சேர்ந்துகொண்டாள். நடந்துபோன மலைப்பாதையிலேயே ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தாள், அவளும் வாப்பாவின் இடத்தை முதன்முதலில் பார்க்கப்போகிறாள். நானும் மதினியும் ஒரே போனில் தலையை முட்டிக்கொண்டிருந்தோம்.

கேட் தெரிந்தது. சுவர் தெரிந்தது. மே மாத மழைக்குப் புல் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. எல்லாம் ஒரே மாதிரி மேடுகள். பேர் எழுதாத மீசான் பலகைகளில் சில சாய்ந்து கிடந்தன, சில உக்கிப்போயிருந்தன.

"இந்தா உம்மா, இதுதான்" என்று ஒன்றுக்குப் பக்கத்தில் நின்றான். பிறகு, "இல்ல, கொஞ்சம் அங்கால." இன்னொன்று. "இதா…" திரும்பி வந்தான், மறுபடி போனான். படம் ஆடியது. கொஞ்ச நேரம் வானம் மட்டும் தெரிந்தது, கையைத் தொங்கப் போட்டுவிட்டான் போலிருக்கிறது. குரல் மட்டும் வந்தது.

"உம்மா, எனக்குத் தெரியல்ல. நான் வரவே இல்ல உம்மா. அன்டைக்கிப் பொறகு ஒரு நாளும் உள்ளுக்கு வரல்ல. கேட் வரைக்கும் வருவேன். மண்ணப் போட்டது ஞாபகம் வரும், கால் வராது. திரும்பிப் போய்டுவேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நாலு மாதமாக இந்த மனுஷிக்குப் பொய் சொல்லியிருக்கிறான். வாயைத் திறந்தேன். மதினி என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். அங்கே றிப்கா முகத்தை மூடிக்கொண்டிருந்தாள்.

"அழாதீங்க மகன்" என்றார் மதினி. "சுவரோரம்டு சொன்னது உண்மதானே?"

"ஓ உம்மா."

"எந்த மூல?"

"தெரியாது. இந்தச் சுவர்தான்."

"சரி. அப்ப சுவர்ட அந்தத் தொங்கல்ல இருந்து தொடங்குங்க. போனக் கீழ புடிங்க. மெதுவா நடங்க. ஒண்டையும் விட வேணாம்."

அவன் நடந்தான். புல்லை ஒரு கையால் விலக்கி, போனைத் தாழ்த்தி, ஒவ்வொரு மேட்டின் தலைமாட்டிலும் நின்றான். மதினி ஒவ்வொன்றுக்கும் ஸலாம் சொன்னார். போர்த்துக்கல் மலையில் இருந்து றிப்காவும் சொன்னாள். சில இடங்களில் சின்னப் பிள்ளையின் மேடு வந்தது, அதற்கும் சொன்னார்கள். சுவர் முடிகிற வரைக்கும் மதினியின் குரல் ஒரு தடவைகூடக் குறையவில்லை. அந்த மேடுகளில் ஏதோ ஒன்றில் தன் புருஷன் கேட்டுக்கொண்டு கிடக்கிறார் என்பதால், எல்லாவற்றிலும் அவரிடம் பேசுகிற குரலிலேயே சொன்னார்.